கல்லும் சிமெண்டும் பொதுக் கருவூலமும்

(நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் இலக்கியமும் இசையும் பேசுவதற்குத் தக்கார் பலர் இருக்கின்றனர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வேயின் சரக்கு அலுவலகத்தில் எழுத்தராய்க் காலம் கழிக்கும் எனக்குத் தெரிந்தவை சுமையும் தூரமும் கட்டணமுமே. ஆதலின் செயலாளர் அவர்கள் பேசப் பணித்தபோது, சுமையிலெல்லாம் பெருஞ்சுமையாகிய கல்லையும் சிமெண்டையும் பற்றிப் பேசுவதென்று துணிந்தேன்.

நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். சாலைகளுக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று கல், மணல், சிமெண்ட் விற்போரே முன்னின்று வாதாடுகிறார்களே, அது முறையா? அவர்கள் பேசும்போது குடிமக்களாகிய நாம் எவ்வாறு செவிகொடுக்க வேண்டும்? இந்த வழக்கு நெடுங்காலமாகவும் வெளிப்படையாகவும் நடந்துவரும் இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அந்நாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிட்டுப் பின்னர் நம் நாட்டிற்கு வருகிறேன்.

முதலில் பொருளின் இயல்பை அறிந்துகொள்வோம். தார்ச்சாலையின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சல்லியும் மணலுமே. கான்கிரீட்டிலும் பெரும்பங்கு அவையே. நெடுஞ்சாலையில் ஒரே ஒரு தடத்தை ஒரு மைல் தூரம் அமைக்க ஏறத்தாழ 38,000 டன் சல்லியும் மணலும் வேண்டும் என்பது அமெரிக்கக் கல், மணல் உற்பத்தியாளர் சங்கத்தார் வழக்கமாகக் கூறும் கணக்கு. 58 திறந்த வாகன்கள் கொண்ட நம் ரேக் ஒன்று ஏறக்குறைய 4,000 டன் ஏற்றும். அவ்வாறாயின், ஒரு தடத்தின் ஒரு மைலுக்கு ஒன்பது பத்து ரேக்குகள் வேண்டும்! நம் சரக்கு நிலையத்தில் பணிபுரியும் அன்பர்கள் இதன் பாரத்தை என்னினும் நன்கு உணர்வார்கள்.

இத்துணைப் பாரமான பொருள் விலையிலோ மிக எளியது. தொலைவு கூடக்கூட, ஏற்றிச் செல்லும் கூலி சரக்கின் விலையையே விழுங்கிவிடும். ஆகவே கல்குவாரிக்காரர் தம் சரக்கைக் கப்பலேற்றிக் கண்டம் கடந்து விற்க இயலாது. சுற்றுவட்டாரத்தில்தான் விற்றாக வேண்டும். அவ்வட்டாரத்தில் மிகப் பெரிய வாடிக்கையாளர் யார்? சாலையும் பாலமும் அமைக்கும் அரசுதான். அரசின் கருவூலம் திறந்தால் குவாரியின் இயந்திரம் ஓடும், மூடினால் நிற்கும். கல் விற்போர் சட்டமன்ற வாயிலில் காத்து நிற்பதன் காரணம் இதுவே. ஆதாயம் இல்லாமல் ஆற்றைக் கட்டி இறைப்பாரும் உண்டோ?

இந்த ஆதாய நோக்கு அங்கே ஒளிவுமறைவாகத் தொடங்கவில்லை. 1912-இல் கார்ல் ஃபிஷர் என்னும் தொழில்முனைவர், கடல் முதல் கடல் வரை அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் கற்சாலை ஒன்றை அமைக்கத் திட்டமிட்டார். மோட்டார்த் தொழிலார் ஒரு கோடி டாலர் திரட்டிச் சாலைப் பொருள்களை வாங்கித் தருவது, வழியிலுள்ள ஊரார் ஆளும் கருவியும் தருவது என்பது அவரது திட்டம். ஹென்றி ஃபோர்டு இதற்குப் பணம் தர மறுத்துவிட்டார். தனியார் பணத்தில் சாலை போட்டுக் கொடுத்தால், தம் வரிப்பணத்தில் சாலை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மக்கள் ஒருபோதும் கற்கமாட்டார்கள் என்பது அவரது கருத்து.

ஒரு கோடி டாலரும் சேரவில்லை. 1913-இல் தோன்றிய லிங்கன் நெடுஞ்சாலைச் சங்கம் அதன்பின் வேறு உபாயத்தைக் கையாண்டது. சிமெண்ட் உற்பத்தியாளர்கள் நன்கொடையாகத் தந்த சிமெண்டைக் கொண்டு, ஊருக்கு அப்பால், சேறும் சகதியுமான மண்பாதையின் நடுவே, ஒரே ஒரு மைல் தூரத்திற்குக் கான்கிரீட் சாலை அமைத்தார்கள். அதற்கு இட்ட பெயர் 'விதை மைல்'. முதலாவது விதை மைல் 1914-இல் இல்லினாய் மாநிலத்தில் மால்ட்டா என்னும் சிற்றூருக்கு அருகே அமைந்தது. சேற்றில் உழன்று வருபவன் அந்த ஒரு மைலில் வழுக்கிக்கொண்டு ஓடுவான். மறுபடியும் சேற்றில் இறங்குவான். இறங்கியவுடன், 'மற்ற மைல்களையும் இவ்வாறு ஆக்கினால் என்ன?' என்று அரசைக் கேட்பான். அந்தக் கேள்வியை விளைவிப்பதற்கே அவ்விதை. விதைத்தவர் சிமெண்ட் வணிகர். நீர் ஊற்றியவர் வரி செலுத்தும் பொதுமக்கள். விளைச்சலை இருசாராரும் பங்கிட்டுக் கொண்டனர். இதில் வஞ்சனை ஏதும் இல்லை என்பதையும், தருமம் என்று சொல்வதற்கும் இல்லை என்பதையும் ஒருங்கே மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

1916-இல் அதிபர் உட்ரோ வில்சன் கையொப்பமிட்ட சட்டத்தால், மைய அரசு மாநிலங்களின் சாலைகளுக்கு ஐந்தாண்டுகளில் ஏழரைக் கோடி டாலர் வழங்க முன்வந்தது. மைய அரசு பாதி, மாநிலம் பாதி என்பது ஏற்பாடு. 1919-இல் வாஷிங்டனிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வரை ஓர் இராணுவ மோட்டார் அணி சென்றது. அப்பயணத்திற்கு 62 நாட்கள் பிடித்தன. அவ்வணியோடு சென்ற இளம் அதிகாரிகளில் ஒருவர் ஐசனோவர். வழிநெடுகப் பாலங்கள் முறிந்ததையும் வண்டிகள் மணலிற் புதைந்ததையும் நேரிற் கண்ட அவரே பிற்காலத்தில் அதிபரானார்.

1955-இல் பெரிய நெடுஞ்சாலைத் திட்டம் அந்நாட்டுக் காங்கிரஸ் சபைக்கு வந்தபோது என்ன நிகழ்ந்தது தெரியுமா? சாலை வேண்டாம் என்றவர் அரியர். பணம் நான் தரமாட்டேன் என்றவரே மிகுதி. கடன் பத்திரத்தால் பணம் திரட்டலாம் என்ற யோசனையை வட்டிச் சுமை கருதிச் சிலர் எதிர்த்தனர். எரிபொருளுக்கும் டயருக்கும் வரி கூட்டலாம் என்ற யோசனையை லாரிக்காரரும் எண்ணெய் வணிகரும் டயர் வணிகரும் எதிர்த்தனர். திட்டம் தோற்றது. மறு ஆண்டு, 1956 ஜூன் 29-இல், திருத்திய சட்டம் நிறைவேறியது. 41,000 மைல் நெடுஞ்சாலை. 13 ஆண்டுகளுக்கு 2,500 கோடி டாலர். செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மைய அரசினுடையது. ஒரு காலன் பெட்ரோலுக்கு இரண்டு சென்ட்டாக இருந்த வரி மூன்று சென்ட்டாயிற்று. அவ்வரி 'நெடுஞ்சாலை நம்பிக்கை நிதி' என்ற தனி உண்டியலில் விழும். அவ்வுண்டியல் சாலைக்கே செலவாகும். சாலையை உபயோகிப்பவன் சாலைக்குப் பணம் தருகிறான் என்ற நியாயம் அனைவர்க்கும் விளங்குவதாக இருந்தமையால் எதிர்ப்பு அடங்கியது.

கல்வணிகர்க்கும் சிமெண்ட் ஆலைக்காரர்க்கும் இத்தனி உண்டியல் ஏன் உயிராயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். புதிய குவாரிக்கு நிலம் தேடி, அனுமதி பெற்று, உடைக்கும் இயந்திரம் நிறுவப் பல ஆண்டுகள் ஆகும். சிமெண்ட் ஆலைக்கு அதனினும் மிகும். ஆறு மாதத்திற்குப் பணம் தருகிறோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அரசு சொன்னால், எந்த முதலாளி பணம் முடக்குவான்? மாநிலப் பொறியாளரும் பெரிய வேலையைத் தொடங்க அஞ்சிச் சில்லறை வேலைகளையே செய்வார். ஆகையால், 'எவ்வளவு பணம் என்பதோடு எத்தனை ஆண்டுக்கு என்பதையும் சொல்லுங்கள்' என்பது அவர்களது நெடுநாளைய முறையீடு. ஆதாயம் கலந்ததுதான், ஆயினும் நியாயமும் உண்டு. மாதச் சம்பளம் உறுதியாய் வரும் வீட்டில்தான் பிள்ளையின் படிப்பைத் திட்டமிட முடிகிறது என்பதைக் குடும்பத் தலைவியர் அறிவார்கள்.

பின்னர் அந்த உண்டியல் மெலியத் தொடங்கியது. ஒரு காலனுக்கு 18.4 சென்ட் என்று 1993-இல் நின்ற மைய அரசின் பெட்ரோல் வரியை அதன்பின் எந்த அரசும் உயர்த்தத் துணியவில்லை. கல்லின் விலை ஏறியது, கூலி ஏறியது, வண்டிகளோ குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் ஓடக் கற்றுக்கொண்டன. எனவே செலவு வளர்ந்தது, வரவு வளரவில்லை. 2008-இல் பொதுக் கருவூலத்திலிருந்து 800 கோடி டாலர் எடுத்து உண்டியலில் இட நேர்ந்தது. 2009-க்குப் பின் சில மாதங்கள் வீதம் தவணை நீட்டிப்பு பலமுறை நிகழ்ந்தது. 2015-இல் ஐந்தாண்டுக்கு 30,500 கோடி டாலர் ஒதுக்கிய சட்டம் வந்தபோது, அவசரத்திற்கென்று நாடு சேமித்து வைத்திருந்த கச்சா எண்ணெயில் ஒரு பகுதியை விற்பதும் பணம் தேடிய வழிகளில் ஒன்றாயிற்று. பாத்திரத்தை விற்றுக் கூரை வேய்வது போன்றது அது! 2021 நவம்பர் 15-இல் பெருஞ்சட்டம் ஒன்று கையொப்பமாயிற்று. புதிதாக ஒதுக்கியது மட்டும் 55,000 கோடி டாலர். உண்டியலின் பள்ளத்தை நிரப்பப் பொதுக் கருவூலத்திலிருந்து 11,800 கோடி டாலர். சாலைகளுக்கு அச்சட்டம் விதித்த காலவரையறை 2026 செப்டம்பர் 30.

இவ்வாண்டுகளிலெல்லாம் கல், மணல், சிமெண்ட், தார், கட்டுமானத் துறைச் சங்கங்கள் ஆண்டுதோறும் தம் உறுப்பினரை வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்று, தத்தம் தொகுதி உறுப்பினரைக் கண்டு முறையிட்டன. இதில் ஒரு விந்தை உண்டு. வரியைக் குறை என்று வணிகர் கேட்பதே உலக வழக்கம். இவர்களோ எரிபொருள் வரியை உயர்த்து என்று கேட்டார்கள். வரி கொடுப்பவர் ஊரார். வாங்கிய வரி கல்லாகவும் சிமெண்டாகவும் உருமாறித் திரும்புவது இவர்களிடம். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்ற நம் பழமொழி நினைவுக்கு வருகிறதல்லவா? ஆனால் அதற்காக அக்கோரிக்கையைப் பொய்யென்று தள்ளிவிடலாகாது. மருந்து விற்பவன் சொன்னான் என்பதற்காக நோய் இல்லாமற் போய்விடுமா?

நோய் உண்டு; அதற்குக் கேட்ட மருந்து சரியா என்பதே ஆராய வேண்டியது. இரண்டு பாலங்களின் கதையைச் சொல்கிறேன்.

2007 ஆகஸ்ட் 1-ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேலிருந்த நெடுஞ்சாலைப் பாலம் மாலை நேரப் போக்குவரத்தோடு ஆற்றில் வீழ்ந்தது. 13 பேர் மாண்டனர். 145 பேர் காயமுற்றனர். சாலைகளுக்கும் பாலங்களுக்கும் பணம் போதவில்லை என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. மறு ஆண்டே அம்மாநிலச் சட்டமன்றம், ஆளுநரின் மறுப்பையும் மீறி, பெட்ரோல் வரியை உயர்த்தியது. விசாரணை முடிவோ வேறொன்றைக் கூறியது. பாலத்தின் உத்தரங்களை இணைத்த இரும்புத் தகடுகள், 1960-களில் வரைபடம் தயாரித்தபோதே, இருக்க வேண்டிய கனத்தில் பாதியளவே இருந்தன. பிற்காலத்தில் பாலத்தின் மேல் கூட்டிய கனமும், அன்று பழுதுபார்க்கும் வேலைக்காகப் பாலத்தின் மேலேயே குவித்து வைத்திருந்த மணல், சல்லி, இயந்திரங்களின் பாரமும் சேர, அத்தகடுகள் தாங்கவில்லை. பாலத்தைப் புதுப்பிக்க வந்த கல்லே பாலத்தை வீழ்த்திய பாரத்தில் பங்கு கொண்டது. பணம் இருந்தது, வேலையும் நடந்துகொண்டுதான் இருந்தது. கணக்கைச் சரிபார்க்கும் கண்தான் இல்லை.

மற்றொன்று 2022 ஜனவரி 28-இல் பிட்ஸ்பர்க் நகரில் வீழ்ந்த பாலம். அதிபர் பைடன் சாலை, பாலங்களைப் பற்றிப் பேசுவதற்கு அந்நகருக்கு வரவிருந்த அதே நாளில் அது வீழ்ந்தது. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. அதன் காரணம் யாது? வடிகால் துளைகள் அடைத்துக்கொண்டு நீர் தேங்கி, இரும்புக் கால்களைத் துரு தின்றிருந்தது. சீர்செய்யுங்கள் என்று ஆய்வாளர்கள் ஆண்டுக்காண்டு எழுதிய அறிக்கைகளின் மேல் நடவடிக்கை இல்லை.

அன்பர்களே, இங்குதான் என் பேச்சின் உட்கருத்து இருக்கிறது. அடைத்த வடிகாலைத் தூர்வார எத்தனை டன் சல்லி வேண்டும்? ஒரு கூடைகூட வேண்டாம். ஒரு துடைப்பமும், ஒரு மண்வெட்டியும், கடமையறிந்த ஓர் ஆளும் போதும். ஆகையால்தான் அதற்காக வாதாட எந்த வணிகர் சங்கமும் தலைநகருக்குப் பயணம் புறப்படுவதில்லை. டன் கணக்கில் விற்கும் பொருளுக்கு வழக்கறிஞர் உண்டு. கண்காணிப்புக்கும் பராமரிப்புக்கும் வழக்கறிஞர் இல்லை. தண்டவாளத்தோடு பல மைல் நடந்து ஆணியையும் இணைப்பையும் பார்த்துவரும் நம் கீமேனின் அருமை ரயில்வேக் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வழக்கறிஞர் இல்லாத மற்றொருவர், கல் உடைக்கும் தொழிலாளி. கல்தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலிற் படிந்தால் மீளா நோயாகும். 2024 ஏப்ரலில் அமெரிக்கச் சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகம், ஒரு கன மீட்டர் காற்றில் சிலிக்காத் தூள் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்று வரம்பைக் கடுமையாக்கியது. சாலை நிதிக்காகத் தலைநகரில் முறையிட்ட கல், மணல் உற்பத்தியாளர் சங்கம் இவ்விதியை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம், மைய அரசின் பணத்தில் நடக்கும் வேலைகளுக்கு உள்நாட்டுப் பொருளையே வாங்க வேண்டும் என்று விதித்தபோதும், சிமெண்ட், கல், மணல், சல்லி ஆகியவற்றை அவ்விதிக்குரிய கட்டுமானப் பொருள்களின் கணக்கில் சேர்க்கவில்லை. நிதி கேட்கும்போது நாட்டு நலன் பேசுவோர், நிபந்தனை வரும்போது விலக்குப் பேசுவதும் உலகியல்பே.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நம் கதையும் பெரிதும் வேறுபட்டதன்று. 1927-இல் எம். ஆர். ஜெயகர் தலைமையில் சாலை வளர்ச்சிக் குழு அமைந்தது. அதன் பரிந்துரையால் 1929-இல், பெட்ரோல் காலன் ஒன்றுக்கு இரண்டணா வீதம் ஒதுக்கி, மத்தியச் சாலை நிதி ஏற்பட்டது. அமெரிக்கரின் தனி உண்டியலுக்கு இது 27 ஆண்டுகள் மூத்தது என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம். அதே 1927-இல்தான் நம் சிமெண்ட் உற்பத்தியாளர்கள், கான்கிரீட்டின் பயனை மக்களுக்கும் பொறியாளர்க்கும் எடுத்துரைக்கவென்று இந்தியக் கான்கிரீட் சங்கத்தை நிறுவினார்கள். விதை மைலின் தத்துவம் இங்கும் வேர்விட்டது. 1943-இல் மாகாணங்களின் தலைமைப் பொறியாளர்கள் கூடி, நாட்டுச் சாலைகளுக்கு இருபதாண்டுத் திட்டம் வகுத்தது நாம் பிழைக்க வந்து வாழும் இந்த நாகபுரியிலேதான். அதனால் அது நாகபுரித் திட்டம் என்றே பெயர் பெற்றது. 2000-ஆம் ஆண்டில் இயற்றிய மத்தியச் சாலை நிதிச் சட்டத்தின்படி, பெட்ரோல், டீசல் மீதான வரியில் தேசிய நெடுஞ்சாலை, கிராமச் சாலை ஆகியவற்றோடு ரயில்வே கடவுகளில் மேம்பாலம் கட்டவும் பங்கு ஒதுக்கப்பட்டது. சிமெண்ட் மீதான 28 விழுக்காடு வரியைக் குறைக்க வேண்டும் என்று அத்துறையினர் பல்லாண்டு முறையிட்டு வந்தனர். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 விழுக்காடாயிற்று.

ரயில்வேயில் உண்டு வளர்ந்த நம்மிற் சிலர், 'சாலைக்குப் போகும் பணமெல்லாம் நம் சோற்றில் கைவைப்பது' என்று நினைப்பதுண்டு. அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. கடவில் மேம்பாலம் வந்தால் காக்கும் உயிர் இருசாராருடையதுமாகும். சாலைக்குப் போகும் சிமெண்டை ஆலையிலிருந்து ஏற்றிவரும் ரேக்கும் நம்முடையதே. பொறாமை வேண்டாம், விழிப்பு வேண்டும்.

அவ்விழிப்புக்கு நான்கு கேள்விகளைக் கூறி முடிக்கிறேன். பொதுப் பணத்தை ஒரு வேலைக்குச் செலவிடுங்கள் என்று யார் வாதாடினாலும், முதலாவது, பணம் தருபவர் யார் என்று கேளுங்கள். இரண்டாவது, அது சென்று சேரும் இடம் எது என்று கேளுங்கள். மூன்றாவது, வேலையை அளந்து பார்த்துக் கையொப்பமிடுபவர் யார், அவர் விற்பவருக்குக் கட்டுப்பட்டவரா, வாங்குபவருக்குக் கட்டுப்பட்டவரா என்று கேளுங்கள். நான்காவது, திறப்பு விழா முடிந்த பத்தாம் ஆண்டில் அதன் வடிகாலைத் தூர்வாரப் பணம் வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். முதல் மூன்றுக்கும் எப்படியேனும் விடை வந்துவிடும். நான்காவதற்கு விடை வரும்வரை விடாதீர்கள். அதைக் கேட்பதற்கு நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை.

நம் பிள்ளைகளிற் பலர் இன்று சாலை ஒப்பந்த நிறுவனங்களிலும் சிமெண்ட் ஆலைகளிலும் பொறியாளராகவும் கணக்கராகவும் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் தம் தொழிலுக்காக வாதாடுவதில் குற்றமில்லை. அது அவர்களது உரிமை. ஆனால் வடிகால் அடைத்திருக்கிறது என்று எழுதிய அறிக்கை தம் மேசைக்கு வரும் நாளில், அதனை அடுத்த மேசைக்குத் தள்ளாதிருப்பார்களேயானால், அதுவே இக்காலனிக்கும் தம் பெற்றோர்க்கும் அவர்கள் தேடித்தரும் பெருமை.